எள்ளின் மறுபாதி

யாழ்ப்பாணக் குடாநாட்டில் நல்லெண்ணெயின் பயன் சமையலறையோடு நின்றுவிடுவதில்லை. பூப்படைந்த பிள்ளைக்கு முட்டையோடும் உளுத்தங்களியோடும் அது கொடுக்கப்படுகிறது. தலையில் வைத்து முழுகுவதற்கும், புரட்டாதிச் சனிக்கிழமைகளில் சனீசுவரன் சந்நிதியில் எள்ளுப் பொட்டணியிட்டு விளக்கெரிப்பதற்கும் அதுவே வேண்டியிருக்கிறது. 1980 ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தினர் நடத்திய அகழாய்வில் கண்டெடுக்கப்பட்ட முத்திரையால் வரலாற்று மாணவர்களுக்கு அறிமுகமான ஆனைக்கோட்டை, குடாநாட்டுக் குடும்பங்களுக்கு நல்லெண்ணெய்க்குப் பேர்போன ஊராகவே தெரியும். ஆயினும் செக்கிலிருந்து எண்ணெய் வடிந்த பின்பு அதன் அடியில் தங்குவது, இட்ட எள்ளின் எடையில் பாதிக்கும் மேற்பட்டது என்பதும், அந்த எச்சத்தில்தான் விதையின் புரதம் ஏறக்குறைய முழுவதும் அடங்கியிருக்கிறது என்பதும் பெரும்பாலும் பேசப்படாமற் போகின்றன. எண்ணெய் வித்துத் தொழில் உண்மையில் இரு பொருள்களை ஆக்கும் தொழிலாகும். அவற்றுள் இரண்டாவதாகிய பிண்ணாக்கை எவ்வாறு நடத்துகிறார்கள் என்பதே அத்தொழிலின் வருங்காலத்தைத் தீர்மானிக்கிறது.

எள் இந்தியத் துணைக்கண்டத்தின் மிகப் பழைய பயிர்களுள் ஒன்று. அரப்பா அகழாய்விலேயே கருகிய எள் விதைகள் கிடைத்துள்ளன. இலங்கையின் வடபகுதியில் அது மழையை நம்பிய புன்செய்ப் பயிராகவும், காலபோக நெல் அறுவடையான பின்பு வயல் மண்ணில் எஞ்சியிருக்கும் ஈரத்தைக் கொண்டு விளையும் இடைப் பயிராகவும் விதைக்கப்பட்டு வருகிறது. குடாநாட்டின் செம்மண் தோட்டங்கள் புகையிலைக்கும் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் இறைப்பு நிலங்களாக இருந்துவருவதால், யாழ்ப்பாணத்துச் செக்குகளுக்கு வேண்டிய எள்ளில் பெரும்பகுதி வன்னிப் பெருநிலப்பரப்பை எதிர்பார்த்தே இருந்திருக்கிறது. மூன்று மாதங்களுக்குள் முற்றிவிடும் இப்பயிருக்கு நீரும் பசளையும் குறைவாகவே வேண்டும் என்றாலும், காய் உலர்ந்தவுடன் நுனி வெடித்து விதையைச் சிந்திவிடும் இயல்பு அதற்கு உண்டு. இதனால் செடியைக் காய் முற்றாக உலர்வதற்கு முன்பே அறுத்து, கட்டுகளாக நிறுத்திக் காயவைத்து, பின்பு தலைகீழாகப் பிடித்து உதிர்க்கும் கைவேலை தவிர்க்க முடியாததாகிறது. பெருமளவில் இயந்திர அறுவடைக்கு எள் எளிதில் இடங்கொடாமைக்கும், சோயா அவரையைப் போல அது பெருந்தோட்டப் பயிராகப் பரவாமைக்கும் இந்த இயல்பே முதன்மையான காரணம்.

ஆயிரம் விதைகள் சேர்ந்தாலும் ஏறத்தாழ 3 கிராம் எடைதான் வரும் எள்ளில், அரைவாசியளவு எண்ணெயும், ஐந்தில் ஒரு பங்களவு புரதமும், எஞ்சிய பகுதியில் நார்ப்பொருளும் மாச்சத்தும் தாதுப்பொருள்களும் ஈரமும் உள்ளன. எண்ணெய் விதைக்குள் ஒரே தேக்கமாக நிற்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத மிக நுண்ணிய துளிகளாக, ஒவ்வொன்றும் புரதமும் பொசுபோலிப்பிட்டு எனப்படும் பொசுபரசு கலந்த கொழுப்பும் சேர்ந்த மென்படலத்தால் சூழப்பட்டு, விதைக் கலங்களுக்குள் அடைந்திருக்கிறது. ஆகவே எண்ணெய் எடுப்பது என்பது முதலில் கலச் சுவரை உடைப்பதும், அடுத்து அந்தப் படலங்களைக் குலைத்துத் துளிகளை ஒன்றோடொன்று சேரவிடுவதும், இறுதியில் சேர்ந்த எண்ணெயைத் திண்மப் பகுதியிலிருந்து பிரிப்பதுமாகிய மூன்று செயல்களின் தொடர்ச்சியாகும்.

இம்மூன்றையும் ஒரே பாண்டத்தில் செய்து முடிப்பது செக்கின் சிறப்பு. நிலத்தில் பதித்த பெரிய மர உரலின் குழியில் எள் இடப்பட, அதனுள் சாய்வாக நிற்கும் கனத்த உலக்கை, பாரமேற்றிய நுகமரத்தோடு பிணைக்கப்பட்டு, மாடு சுற்றிவரச் சுற்றிவரக் குழியின் சுவரோடு விதையை அழுத்தி அரைக்கிறது. ஒரு தடவைக்குச் சுமார் 10 கிலோ எள்ளே கொள்ளும் மாட்டுச் செக்கில், அரைபடும் எள்ளின் மீது அளவறிந்து நீர் தெளிப்பது செக்காட்டுபவரின் தேர்ச்சிக்குரிய வேலை. நீர்பட்ட புரதமும் மாச்சத்தும் ஊறி ஒன்றோடொன்று பற்றிக்கொள்ளும்போது அவற்றிடையே தங்கியிருந்த எண்ணெய் வெளியே தள்ளப்படுகிறது; நீர் குறைந்தால் பிண்ணாக்கு இறுகாமல் எண்ணெய் அதிலேயே நின்றுவிடும், கூடினால் எண்ணெய் நீரோடு கலங்கிக் குழம்பாகிவிடும். தமிழகத்துச் செக்குகளில் எள்ளோடு கருப்பட்டி சேர்க்கும் வழக்கத்துக்கும் பெரும்பாலும் இதுவே அடிப்படை. எண்ணெய் வேதியியலையும் இந்திய உணவு வரலாற்றையும் ஆழ்ந்து கற்ற கே.டி. அச்சயா, மாட்டுச் செக்கைப் பற்றித் தனியொரு நூலே எழுதினார் என்பது இக்கருவியில் அடங்கியுள்ள அறிவின் அளவைக் காட்டும். காந்தியடிகள் 1934 இல் நிறுவிய அகில இந்தியக் கிராமக் கைத்தொழிற் சங்கமும் வார்தாவில் செக்கைச் சீர்திருத்தும் பணியை மேற்கொண்டது. உழவரின் எள் ஊரிலேயே பிழியப்பட்டால் எண்ணெயோடு பிண்ணாக்கும் ஊர் மாட்டுக்கே எஞ்சும் என்ற எண்ணம் அம்முயற்சியின் உள்ளே இருந்தது.

செக்குக்கு அடுத்து வந்த சுருளழுத்தி இயந்திரம், உருளை வடிவக் கூண்டுக்குள் திருகாணி போன்ற தண்டு ஒன்று சுழன்று விதையைத் தொடர்ச்சியாக முன்தள்ளி நெருக்குவதால், கூண்டின் இடுக்குகள் வழியே எண்ணெய் கசியவும் மறுமுனையில் பிண்ணாக்கு தகடாக வெளிவரவும் அமைந்தது. இதில் அழுத்தமும் உராய்வும் மிகுதி என்பதால் வெப்பமும் மிகுதி. மூன்றாவது முறையில், தட்டையாக்கிய விதையின் மீது ஹெக்சேன் என்ற பெற்றோலியக் கரைப்பானைப் பொழிந்து எண்ணெயைக் கரைத்தெடுக்கிறார்கள். ஏறத்தாழ 69 பாகை செல்சியசில் கொதிக்கும் அக்கரைப்பான், பின்பு எண்ணெயிலிருந்தும் எஞ்சிய மாவிலிருந்தும் ஆவியாக்கி மீட்கப்பட்டு மறுபடியும் பயன்படுத்தப்படுகிறது. மூன்று முறைகளுக்கும் உள்ள வேறுபாட்டை ஒரு கணக்கால் விளங்கிக்கொள்ளலாம். அரைவாசி எண்ணெயும் 20 வீதப் புரதமும் உள்ள 100 கிலோ எள்ளில், நல்ல செக்கு 42 கிலோ எண்ணெயைப் பிழிந்தால், எஞ்சும் பிண்ணாக்கில் எண்ணெய் 14 வீதத்தையும் புரதம் 35 வீதத்தையும் அண்டி நிற்கும். சுருளழுத்தியில் 46 கிலோ கிடைத்தால் பிண்ணாக்கின் எண்ணெய் 8 வீதத்துக்குக் குறையப் புரதம் 37 வீதமளவுக்கு உயரும். கரைப்பான் முறையிலோ மாவில் 1 வீத எண்ணெய்கூட நில்லாது, புரதம் 40 வீதத்தை அண்டி நிற்கும். எண்ணெய் குறையக் குறையப் புரதம் செறிவதும், எண்ணெய் நின்றால் பிண்ணாக்கு விரைவில் சிக்கடிப்பதும் இதனால் நேர்பவை.

இவற்றுள் எது சிறந்தது என்ற கேள்விக்கு, விதையும் அளவும் அறியாமல் விடை கூற இயலாது. ஹெக்சேன் எளிதில் தீப்பற்றி வெடிக்கக்கூடியது. அதைக் கையாளும் ஆலைக்கு ஆண்டு முழுவதும் இடையறாது பெருந்தொகை விதை வந்துகொண்டிருக்க வேண்டும். ஐந்தில் ஒரு பங்கே எண்ணெயுள்ள சோயா அவரைக்கு அழுத்தும் முறைகள் போதா என்பதால் கரைப்பான் ஆலை பொருந்துகிறது. அரைவாசி எண்ணெயாகவே உள்ள எள்ளோ அழுத்தத்துக்கே எளிதில் விட்டுக்கொடுக்கும். வடமாகாணத்தில் விளையும் எள்ளின் அளவுக்குச் செக்கும் சிறு சுருளழுத்தியுமே தக்கவை. பேராலை ஒன்றைக் கனவு காண்பதில் பயனில்லை.

கடைகளில் நிறமும் மணமும் அற்று விற்கப்படும் எண்ணெய்கள் பிழிந்தபடியே வருபவை அல்ல. கச்சா எண்ணெயில் நீரைக் கலந்து பொசுபோலிப்பிட்டுப் பசையைப் பிரிப்பதும், எரிசோடாக் கரைசலால் தனிக் கொழுப்பமிலங்களை நடுநிலையாக்கிச் சோப்புக் கசடாக அகற்றுவதும், வெளிற்றும் களிமண்ணால் நிறத்தைப் பற்றியெடுப்பதும், 200 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தில் வெற்றிடத்தின் கீழ் நீராவியைச் செலுத்தி மணத்தை நீக்குவதும் சுத்திகரிப்பின் படிகள். எண்ணெய்ச் சுத்திகரிப்புக்கும் சவர்க்காரத்துக்கும் இன்றியமையாத அந்த எரிசோடா, 1950களில் எழுந்த பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையில் உப்பிலிருந்தே ஆக்கப்பட்டது என்பதும், போர் அத்தொழிற்சாலையையும் ஆனையிறவு உப்பளத்தையும் செயலிழக்கச் செய்தது என்பதும் வடக்கின் தொழில் வரலாற்றில் மறக்கத்தகாதவை. நல்லெண்ணெய்க்கு இத்தனை படிகள் வேண்டியதில்லை. தூய எள்ளிலிருந்து பிழிந்து, கசடு படியவிட்டு வடித்தாலே அது உண்ணத் தகுந்ததாகிறது. எள்ளுக்கே உரிய செசமின், செசமோலின் என்ற பொருள்களும், செசமோலினிலிருந்து தோன்றும் செசமோலும் எண்ணெய் ஒட்சியேற்றமடைந்து சிக்கடிப்பதைத் தடுத்து, நெடுநாள் கெடாமல் வைத்திருக்கின்றன. ஊறுகாய்க்கு நல்லெண்ணெயைத் தேர்ந்த பாட்டிமாரின் அனுபவத்துக்கு வேதியியல் தரும் சான்று இது. சர்க்கரையும் ஐதரோகுளோரிக் அமிலமும் சேர்த்தால் எள்ளெண்ணெய் செந்நிறம் காட்டும் பூடுவான் சோதனையும் எள்ளின் தனிப் பொருள்களைச் சார்ந்ததே. நெய்யில் வனசுபதி என்ற தாவரக் கொழுப்பைக் கலப்பதைக் கண்டுபிடிப்பதற்காகவே இந்தியாவில் வனசுபதியில் குறைந்தது 5 வீத எள்ளெண்ணெய் சேர்க்க வேண்டுமென ஒருகாலத்தில் சட்டம் வகுக்கப்பட்டிருந்தது.

இனிப் பிண்ணாக்கின் பக்கம் திரும்பலாம். புரதத்தின் தரம் அதிலுள்ள அமினோ அமிலங்களைப் பொறுத்தது. உடல் தானே ஆக்கிக்கொள்ள இயலாத அமினோ அமிலங்களுள் எள்ளில் மெதியோனின் தாராளமாகவும் இலைசின் குறைவாகவும் உள்ளன. அவரையினப் பயிர்களாகிய உளுந்திலும் பயற்றிலும் சோயாவிலும் நிலைமை இதற்கு நேரெதிர். வறுத்த எள்ளையும் உளுத்தம்மாவையும் சர்க்கரையையும் உரலில் இட்டு இடித்து உருட்டும் யாழ்ப்பாணத்து எள்ளுப்பாகு, ஒன்றன் குறையை மற்றொன்றால் நிரப்பும் முழுமையான புரதக் கலவை என்பதை ஊட்டச்சத்து அறிவியல் பின்னரே விளக்கியது. எண்ணெய் நீங்கிய எள் மாவிலும் அதே புரதம் செறிந்து நிற்கிறது. ஆயினும் அது மனித உணவாகாமல் மாட்டுத் தொட்டிக்கே போவதற்குத் தோல் ஒரு தடை. விதையின் எடையில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்காகிய தோலில் நாரும் ஒட்சாலிக் அமிலமும் மிகுதி. 100 கிராம் எள்ளில் ஏறத்தாழ 1 கிராம் கல்சியம் இருப்பதாகப் பெருமையுடன் சொல்லப்பட்டாலும், அதில் பெரும்பகுதி தோலில் ஒட்சலேற்றாகக் கட்டுண்டு கிடப்பதால் உடலுக்கு எளிதில் கிட்டுவதில்லை. தோலோடு ஆட்டிய கறுப்பெள்ளின் பிண்ணாக்கு நிறம் கறுத்துக் கசப்பதற்கும் இத்தோலே காரணம். விதையை ஊறவைத்துத் தேய்த்துத் தோல் நீக்கி உலர்த்திய பின்பு பிழிந்தால் எண்ணெயும் வெளிறும், பிண்ணாக்கும் உணவு மாவாகத் தகுதி பெறும்.

எண்ணெய் எடுத்த எச்சத்தை மனிதர் உண்பதா என்று தயங்குவோர், இலங்கை முழுவதும் விரும்பிச் சமைக்கப்படும் சோயா மீற்றை நினைத்துப் பார்க்க வேண்டும். அது எண்ணெய் பிரித்த சோயா மாவைப் பிசைந்து, வெப்பத்தோடும் அழுத்தத்தோடும் பிதுக்கி உலர்த்திய பொருளே. சோயாவின் எச்சத்தைப் பணம் கொடுத்து வாங்கி உண்ணும் சமூகம், தன் ஊர்ச் செக்கில் எஞ்சும் எள்ளின் புரதத்தை உணவாக எண்ணிப் பாராமல் இருப்பது வருந்தத்தக்கது. எள் சிலருக்குக் கடுமையான ஒவ்வாமையை உண்டாக்கும் என்பதும், அதனாலேயே 2023 சனவரி 1 முதல் ஐக்கிய அமெரிக்காவில் பொதியிட்ட உணவுகளில் எள் கலந்திருப்பதைக் குறிப்பிடுவது கட்டாயமாக்கப்பட்டது என்பதும் அத்தகைய மாவை விற்போர் மனங்கொள்ள வேண்டியவை.

கால்நடைக்குப் பிண்ணாக்கு தரும் பயன் குடாநாட்டு மக்களுக்குப் புதிதன்று. தவிட்டோடும் கழுநீரோடும் எள்ளுப் பிண்ணாக்கையோ தேங்காய்ப் பிண்ணாக்கையோ ஊறவைத்துக் கறவை மாட்டுக்கு வைப்பது வீட்டு வழக்கம். கொப்பறாவைப் பிழிந்த எச்சமாகிய தேங்காய்ப் பிண்ணாக்கில் புரதம் 20 வீதமளவே இருந்தாலும், பளை முதலிய பகுதிகளின் தென்னைகள் காரணமாக அது எளிதில் கிடைத்து வந்தது. போர்க்காலத்தில் அத்தென்னந்தோட்டங்கள் அழிந்ததும், முகமாலைச் சுற்றாடலில் கண்ணிவெடி அகற்றும் பணி நெடுங்காலம் நீடித்ததும் தீவனத்தையும் தொட்ட இழப்புகள். எல்லாப் பிண்ணாக்கும் தீனுக்கு ஆகாது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். கோயில் விளக்கெண்ணெய் தந்த இலுப்பை விதையின் பிண்ணாக்கில் நுரைக்கும் சப்போனின் உள்ளது. தலை தேய்த்து முழுகவும் மீனை மயக்கிப் பிடிக்கவும் அது பயன்பட்டதற்கு அப்பொருளே காரணம். ஆமணக்கம் பிண்ணாக்கிலோ இரிசின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. பல விதைகளை ஒரே ஆலையில் பிழிவோர் ஒன்றன் எச்சம் மற்றொன்றில் கலவாமல் காப்பது உயிர் காக்கும் கடமையாகும்.

வேப்பம் பிண்ணாக்கு தோட்டத்துக்கு உரியது, அதுவும் யாழ்ப்பாணத்துத் தோட்டத்துக்குச் சிறப்பாக உரியது. ஆண்டு முழுவதும் நீரோடும் ஆறு இல்லாத குடாநாடு, சுண்ணாம்புக்கற் படுகையில் தேங்கும் மழைநீரையே கிணறுகள் வழியாக இறைத்து வாழ்கிறது. தோட்டங்களுக்கு மிகையாக இட்ட நைதரசன் பசளையும் மலக்குழிக் கசிவும் அந்நீரில் நைத்திரேற்றாகச் சேர்ந்து, பல கிணறுகளில் உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பாகிய லீற்றருக்கு 50 மில்லிகிராமையும் கடந்திருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. வேப்பம் விதையிலுள்ள கசப்புப் பொருள்கள் மண்ணின் நைத்திரேற்றாக்கும் பற்றீரியாக்களைத் தாமதப்படுத்துவதால், நைதரசன் மெல்ல மெல்ல வெளிப்பட்டுப் பயிருக்குப் பயன்பட, நீரில் கழுவப்படுவது குறைகிறது. இந்தியா 2015 முதல் தன் யூரியா முழுவதற்கும் வேப்பெண்ணெய் பூசக் கட்டளையிட்டதற்கும் இதுவே ஒரு காரணம். 2021 இல் இலங்கை அரசு இரசாயனப் பசளை இறக்குமதியைத் திடீரெனத் தடைசெய்து சில மாதங்களில் பின்வாங்கியபோது உழவர் பட்ட துன்பம், மாற்றுப் பசளையை ஒரே நாளில் வரவழைக்க முடியாது என்பதைக் காட்டியது. முற்றங்களில் உதிரும் வேப்பம் விதையைச் சேர்த்துப் பிழியும் ஏற்பாடு முன்கூட்டியே ஊரில் நிலைத்திருக்க வேண்டும்.

பிண்ணாக்கைக் கழிவாக எண்ணுவதன் மிகப் பெரிய ஆபத்து பூஞ்சணத்தில் இருக்கிறது. 1960 இல் இங்கிலாந்தில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் அறியாது மாண்டன; தேடியபோது பிரேசிலிலிருந்து வந்த நிலக்கடலைப் பிண்ணாக்கில் வளர்ந்த பூஞ்சணத்தின் நஞ்சே அவற்றைக் கொன்றது எனத் தெரியவர, அந்நஞ்சுக்கு அஃபிளாடொக்சின் எனப் பெயரிட்டார்கள். ஈரலைத் தாக்கிப் புற்றுநோயை உண்டாக்கும் இது, எண்ணெயைவிடப் பிண்ணாக்கிலேயே பெரிதும் தங்கும். அப்பிண்ணாக்கைத் தின்ற பசுவின் பாலிலும் மாற்றுருவில் வெளிப்படும். 2021 மார்ச்சில் இலங்கைக்கு இறக்குமதியான கச்சாத் தேங்காயெண்ணெய்த் தொகுதிகள் சிலவற்றில் இதே நஞ்சு வரம்பை மீறிக் காணப்பட்டபோது நாடு எண்ணெயைக் குறித்து அஞ்சியது. ஆனால் அத்தகைய கொப்பறாவின் பிண்ணாக்கைப் பற்றியே கூடுதலாக அஞ்ச வேண்டும். பூஞ்சணத்துக்குத் தேவை ஈரமும் வெப்பமும் மட்டுமே. விதை நன்கு காய்ந்திருக்கவும், பிண்ணாக்கு ஆறி உலர்ந்தபின் நிலத்தில் படாமல் பலகைமேல் அடுக்கப்படவும், செக்கில் தெளித்த நீர் அதில் தங்காதிருக்கவும் கவனம் செலுத்தினால் இந்த நஞ்சை ஊரளவிலேயே பெரிதும் தவிர்க்கலாம்.

இன்று இலங்கையின் கோழித்தீனுக்கு வேண்டிய புரதத்தில் பெரும்பகுதி வெளிநாட்டுச் சோயா மாவாகவே வருகிறது. சோயாவில் உள்ள, செரிமான நொதியைத் தடுக்கும் பொருளை வெப்பத்தால் அழித்து, ஒரே தரத்தில், புரத அளவைச் சீட்டில் அச்சிட்டு விற்கும் ஒழுங்கே அந்த மாவின் வெற்றிக்கு அடிப்படை. எள்ளுப் பிண்ணாக்கால் அதன் இடத்தை முழுவதும் நிரப்ப இயலாது; இலைசின் குறைவும், தாதுக்களைக் கட்டிவைக்கும் பைற்றிக் அமிலமும் அதற்கு இடந்தரா. ஆனால் சோயாவில் குறைவாக உள்ள மெதியோனினை எள் தரும் என்பதால், இரண்டையும் அளவறிந்து கலந்தால் இறக்குமதியின் ஒரு பகுதியைக் குறைக்கலாம். அதற்கு ஊர் ஆலைகள் தம் பிண்ணாக்கின் எண்ணெயையும் புரதத்தையும் ஈரத்தையும் சோதித்துச் சொல்லும் நிலைக்கு வர வேண்டும்; யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் விவசாயத் திணைக்களமும் கூட்டுறவுச் சங்கங்களும் இணைந்தால் இது அரிய காரியமன்று. வாங்குவோரின் பங்கும் சிறிதன்று: பிண்ணாக்கு வாங்கும்போது எந்த வித்து, எப்போது பிழிந்தது, எப்படி வைத்திருந்தது என்ற மூன்றையும் கேட்டு, பூஞ்சண மணம் வீசுவதை விலை குறைந்தாலும் மறுத்துத் திருப்ப வேண்டும்.